எருதை எண்ணினால் மீள்திறன் ஆகுமா?

எத்தியோப்பியாவின் பிஎஸ்என்பி திட்டத்தைப் பற்றிய மதிப்பீடுகளை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். 2005-ல் தொடங்கிய திட்டம். நம்ம நூறுநாள் வேலை மாதிரின்னு வெச்சுக்கலாம். ஏழைக் குடும்பங்கள் கல்வரப்பு கட்டும், குளம் வெட்டும், கூலி பணமாகவோ தானியமாகவோ வரும். உழைக்க முடியாதவர்களுக்கு வேலை இல்லாமலே உதவி.

ஆய்வுகள் மோசம் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். பெர்ஹானேவும் சகாக்களும் 2014-ல் எழுதிய கட்டுரைப்படி, ஒரே வருடம் உதவி பெற்றதோடு ஒப்பிட்டால், ஐந்து வருடம் பெற்ற குடும்பங்களுக்குப் பசிக்காலம் 1.29 மாதம் குறைந்தது. கால்நடையும் கூடியது. நிப்பன்பெர்க், ஹாடினாட் இருவரின் 2017 கணக்கில், வறட்சியின் முதல் அடியில் 57 சதவீதத்தைத் திட்டம் தாங்கிக்கொண்டது.

என் சிக்கல் வேற. இங்கே 'அதிர்ச்சி' என்றால் பெரும்பாலும் மழை பொய்ப்பதுதான். மழை யாரையும் குறிவைப்பதில்லை. ஆனால் திட்டம் வேரூன்றிய டிக்ரே மாநிலத்தில் 2020 நவம்பரில் போர் மூண்டது. படையினர் எருதுகளைக் கொன்றார்கள், ஓட்டிப் போனார்கள், உழக்கூடாது என்று மிரட்டினார்கள். வறட்சியில் எருது ஒரு சேமிப்பு, விற்றுச் சாப்பிடலாம். போரிலோ, கொள்ளையடிக்க வருபவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். மதிப்பெண்ணை ஏற்றிய அதே சொத்து!

உலக உணவு வேளாண் அமைப்பின் 'ரிமா' குறியீட்டுக்கு நான்கு தூண்கள்: அடிப்படைச் சேவைகள், சொத்து, பாதுகாப்பு வலை, தகவமைப்புத் திறன். 2021 ஜூனுக்குப் பிறகு டிக்ரேயில் வங்கி, மின்சாரம், தொலைபேசி எல்லாம் முடங்கின. முதல் மூன்று தூண்களும் வெளியிலிருந்து பிடுங்கக்கூடியவை என்பது அப்போது தெரிந்தது.

நான்காவதுதான் சுவாரசியம். மெக்கெலே, கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர்க்கால வயல்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விவசாயிகள் வெங்காயம், தக்காளி போன்ற சந்தைப் பயிர்களைக் குறைத்துவிட்டு, சீக்கிரம் விளையும், அதிகம் பராமரிப்பு கேட்காத, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகிற பயிர்களுக்கு மாறினார்களாம். அசல் தகவமைப்பு இதுதானே? ஆனால் ரிமா மாதிரியான கணக்கில் வருமான வழிகள் எத்தனை என்று எண்ணுவார்கள். சந்தையை விட்டால் ஒன்று குறையும், மதிப்பெண் இறங்கும். குடும்பத்தைக் காப்பாற்றிய முடிவு பின்னடைவாகப் பதிவாகும்.

பிஎஸ்என்பி போருக்காகச் செய்த திட்டம் இல்லையேன்னு கேக்கலாம். நியாயம்தான். திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. வறட்சியில் கிடைத்த எண்ணை வைத்து 'மீள்திறன் வளர்ந்தது' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிற பழக்கத்தின் மேல்தான் குறை. போதாததற்கு, சண்டை நடக்கும் ஊருக்குக் கணக்கெடுப்பவர் போகவே முடியாது. போக முடிந்த ஊர்களின் சராசரிதான் அறிக்கையில் வரும்.

கேள்வித்தாளில் 'எத்தனை எருது?' என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: படை வந்தா அதை எங்க ஓட்டிட்டுப் போவீங்க?