க்விக்ஸ்: தாண்டிப்போன எண்களின் கணக்கு

ஆறு பகடை, ஆளுக்கொரு தாள், ஒரு பேனா. ஸ்டெஃபென் பென்டார்ஃப் உருவாக்கி 2012இல் ஜெர்மனியில் வெளிவந்த க்விக்ஸ் ஆட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். இரண்டு முதல் ஐந்து பேர் ஆடலாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2013இல் அந்நாட்டின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மூன்று ஆட்டங்களில் இதுவும் ஒன்று. இத்தனை எளிய ஆட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தாளில் காலியாக நிற்கும் கட்டங்களைக் கவனிக்க வேண்டும். எதை அடித்தோம் என்பதைவிட எதை விட்டுக்கொடுத்தோம் என்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுவை முழுவதும் இருக்கிறது.

தாளில் நான்கு வரிசைகள். சிவப்பும் மஞ்சளும் 2இலிருந்து 12 வரை ஏறும். பச்சையும் நீலமும் 12இலிருந்து 2 வரை இறங்கும். இடமிருந்து வலமாக மட்டுமே எண்களை அடிக்கலாம். தாண்டிய எண்ணுக்குத் திரும்ப முடியாது. உருட்டியதும் இரண்டு வெள்ளைப் பகடைகளின் கூட்டுத்தொகை எல்லோருக்கும் பொது. விரும்பியவர் விரும்பிய வரிசையில் அடித்துக்கொள்ளலாம். உருட்டியவர் மட்டும் கூடுதலாக ஒரு வெள்ளையையும் ஒரு வண்ணப் பகடையையும் கூட்டி, அந்த வண்ண வரிசையில் அடிக்கலாம். அவர் எதையுமே அடிக்காவிட்டால் 5 புள்ளி போய்விடும். ஒரு வரிசையில் 4 எண்கள் அடித்தால் 10 புள்ளி, 8 அடித்தால் 36. அதாவது எட்டாவது எண்ணுக்கு மட்டும் 8 புள்ளி. ஆரம்பத்திலேயே காலியான சிவப்பு வரிசையில் 9ஐ அடித்து ஏழு கட்டங்களை இழப்பதைவிட, அபராதத்தை ஏற்பது சில வேளைகளில் லாபம். கை துறுதுறுக்கும்போது பேனாவைக் கீழே வைக்கும் அந்த முடிவை ரசிக்கத் தெரிந்தால் க்விக்ஸ் பிடிபட்டுவிடும்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பது முதல் ஆட்சேபம். வெள்ளைப் பகடையின் எண் எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் நான்கைந்து சுற்றுக்குள் ஒருவர் தாளைப் போல் இன்னொருவர் தாள் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு அவரவர் தேர்வு. கடைசி எண்ணையும் பாருங்கள். சிவப்பில் 12ஐ அடிக்க அதற்கு முன் ஐந்து எண்கள் அடித்திருக்க வேண்டும். நம் முறையில் அந்த 12 கிடைக்க 27இல் 2 வாய்ப்பு. பிறர் உருட்டும்போது 36இல் 1தான். இது தெரிந்தவர் 11 வரை விரைந்து போய் 12க்காகக் காத்துக் கிடக்க மாட்டார். பகடை முழுக்க ஒருவர் பக்கமே சாய்கிற ஆட்டங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆட்டம் குறுகியது என்பதால் மூன்று ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியை முடிவுசெய்யலாம். அதிர்ஷ்டத்தின் பிடி கொஞ்சம் தளரும்.

ஆளுக்கொரு தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது கூடி ஆடுவதாகுமா என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஒருவர் கடைசி எண்ணை அடித்தால் அந்த வரிசை எல்லோருக்கும் மூடிவிடும். அந்த வண்ணப் பகடையையும் எடுத்துவிடுவார்கள். இரண்டு வரிசைகள் மூடினாலோ, ஒருவர் நான்கு அபராதம் வாங்கினாலோ ஆட்டமே முடிந்தது. நீலத்தில் நாம் நிதானமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருப்பவர் 3இல் வந்து நின்றால், நம் நிதானம் செல்லாக்காசு. அடுத்தவர் தாளை எட்டிப் பார்ப்பது இங்கே குற்றமில்லை, அவசியம்.

எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் சுவை மாறும். ஐந்து பேர் என்றால் ஐந்து உருட்டலில் ஒன்றில்தான் வண்ணப் பகடை நமக்கு உதவும். வெள்ளையை நம்பியே காலம் தள்ள வேண்டும், பரபரப்பும் அதிகம். இரண்டு மூன்று பேர் என்றால் வண்ணப் பகடை அடிக்கடி கைக்கு வரும், திட்டமிட இடமுண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூவர் ஆடுவதையே சொல்வேன்.