சொல்லாத உடம்பும் சொல்லவிடாத ஊரும்

மனக்காயத்திற்கு உடலின் வழியே சிகிச்சை என்பது இன்று ஒரு பெரும் சொல்லாடலாக வளர்ந்து நிற்கிறது. பீட்டர் லெவின் 1997இலும் பெசல் வான் டெர் கோல்க் 2014இலும் வெளியிட்ட நூல்கள் இதற்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. இவர்கள் சொல்வதன் சாரம் இதுதான்: பெரும் அச்சத்திற்கு ஆளானவரின் உடம்பு, ஆபத்து போன பிறகும் ஆபத்துக்குள்ளேயே இருக்கிறது. தசை இறுகிக் கிடக்கிறது, மூச்சு மேலோடு நின்றுவிடுகிறது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதை விட்டு, உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கவனிக்கப் பழக்கினால் அந்த இறுக்கம் தளரும். எங்கள் பக்கம், பெரம்பலூர், அரியலூரில் மனநலப் பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கொடுக்கலாம். அதற்குமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

இது யாருக்குப் புதுசு? அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் பெண் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. "நெஞ்ச அடைக்குதுங்க, கை காலெல்லாம் ஓஞ்சு போவுது, ஈரக்கொல நடுங்குது" என்கிறாள். மனதை மனதாகச் சொல்லத் தெரியாதவர்கள்தான் உடல்வலியாகச் சொல்கிறார்கள் என்று மேற்கத்திய மனநல மருத்துவம் வெகுகாலம் இதை ஒரு குறைபாடாகவே வாசித்தது. இன்று அதே மேற்கு, உடம்புதான் பேசுகிறது என்று கண்டுபிடித்து, கட்டணத்தோடும் சான்றிதழோடும் நமக்கே திருப்பித் தருகிறது. வரிசையில் நிற்கும் அந்தப் பெண்ணின் பேச்சு முதல் பாடமாக இல்லாத எந்தப் பயிற்சியும் எங்களுக்கு அந்நியமாகவே இருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு தென்னிந்தியக் கடலோரத்தில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. பார்க்கர், டாக்டர், செல்வம் ஆகிய மூவர் 2008இல் அதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். 13 கிராமங்கள், 150 பேர், ஆளுக்கு 75 நிமிடச் சிகிச்சை. எட்டு மாதம் கழித்து 90 சதவீதம் பேர் நன்கு தேறியதாகவோ முற்றிலும் விடுபட்டதாகவோ சொன்னார்கள். ஆனால் சிகிச்சை பெறாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. எட்டு மாதத்தில் காலமும் சுற்றமும் ஆற்றியது எவ்வளவு, சிகிச்சை ஆற்றியது எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரிக்க முடியாது.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது, 'பிந்தைய' என்ற சொல்லை அதன் தலையில் வைத்தது. சம்பவம் முடிந்துவிட்டது, உடம்புக்குத்தான் அது தெரியவில்லை என்பது அனுமானம். சுனாமி வந்தது, போனது. சாதி அப்படி வந்துவிட்டுப் போவதில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அதே ரோட்டைக் கடந்துதான் மறுநாளும் வேலைக்குப் போகிறாள். ஊர்த்தெருவில் அடிபட்ட சேரிப் பையன் அந்தத் தெருவழியேதான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். அவன் உடம்பின் விறைப்பு நோயா, அறிவா? அல்ஜீரியாவில் 1953 முதல் 1956 வரை மனநல மருத்துவராக இருந்த ஃபனான், காலனியாதிக்கத்துக்கு ஆட்பட்டவனின் தசை எப்போதும் இறுகியே இருப்பதைக் கவனித்தார். அதை நரம்பின் கோளாறு என்று மட்டும் அவர் எழுதவில்லை, ஆதிக்கத்தின் பதிவாகவும் வாசித்தார்.

அப்படியானால் இச்சிகிச்சையைத் தூக்கி எறிந்துவிடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். போலீசிடம், டாக்டரிடம், வக்கீலிடம், கோர்ட்டில் என்று தனக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கிழிந்துபோன ஒரு பெண்ணிடம், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, மூச்சை மட்டும் பாரு" என்று ஒருவர் சொல்வது சின்ன விஷயம் இல்லை. சொல்லாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தும் அவளைச் சொல்லாமல்தான் இருக்கச் சொல்கிறது. "நடந்தது நடந்துபோச்சு, விடு" என்ற குரலும் இந்தச் சிகிச்சையின் குரலும் ஒரே இடத்தில் சந்தித்துவிடும் அபாயம் இருக்கிறது. அவள் உடம்பு அமைதியானால் ஊருக்கும் நிம்மதி. இந்த இரண்டு மௌனங்களையும் பிரித்தறியப் பழக்காத பயிற்சி, ஆதிக்க சாதிக்குச் செய்யும் ஊழியமாகவே முடியும்.

தொடுதலும் அப்படித்தான். உடல்வழிச் சிகிச்சையின் சில பிரிவுகளில் சிகிச்சையாளர் தோளையோ முதுகையோ தொடுகிறார். யார் யாரைத் தொடலாம் என்பதை வைத்தே கட்டப்பட்ட சமூகத்தில் தொடுதல் வெறும் உத்தியாக இருக்க முடியுமா? தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிற செவிலியர் நாடி பிடித்தால் அந்த உடம்பு தளருமா? பெண்ணுடலை ஆண் சிகிச்சையாளர் தொடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக் கூடத்தில் முதலில் சோதிக்கப்பட வேண்டியது பயிற்சி பெறுபவரின் கைதான்.

யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் போருக்குள்ளேயே ஆசிரியர்களையும் ஊர்மட்டப் பணியாளர்களையும் பயிற்றுவித்தார்கள். தளர்வுப் பயிற்சிக்கு அவரவருக்குப் பழக்கமான சொல்லைக் கொடுத்தார்கள்: சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று. 2007இல் அவர் எழுதிய கட்டுரை, காயம்பட்டது தனியாள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும்தான் என்று கூட்டு மனவடுவைப் பற்றிப் பேசியது. நமக்கு நெருக்கமான முன்னோடி இதுதான். இருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோயிலுக்குள் விடப்படாதவருக்கு எந்த மந்திரம் ஆறுதல் தரும்?

ஒப்பாரியை யோசித்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு, உடம்பை ஆட்டி, மாரடித்து அழுகிறார்கள். கூடவே யார் என்ன செய்தார்கள் என்றும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். உடம்பும் குற்றச்சாட்டும் அங்கே பிரிந்து நிற்பதில்லை. ஒப்பாரியே சிகிச்சை என்று கொண்டாட நான் வரவில்லை. அந்த வட்டத்துக்குள்ளும் சாதி உண்டு. உடம்பை ஆற்றுவதும் நடந்ததைச் சொல்வதும் ஒன்றாகவே நடக்கமுடியும் என்பதற்கு அது நம்மிடமுள்ள சான்று.

மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கியது. பெரம்பலூர் அதற்குச் சற்று முன்புதான், 1995இல், திருச்சியிலிருந்து பிரிந்திருந்தது. அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. இங்கே பயிற்சி நடக்குமானால், மூச்சும் தசையும் பற்றிய பாடத்தோடு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாடமாக வேண்டும். மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுப்பவர், அவள் விரும்பும் நாளில் காவல் நிலையத்துக்கும் கூட வரவேண்டும்.