இசைவாணரின் மௌனம்

நாட்டிலே நெருக்கடி தோன்றும்போதெல்லாம் இசைவாணரை நோக்கி ஒரு கேள்வி எழுகின்றது: ஏன் வாய் திறக்கவில்லை? இக் கேள்வியை எழுப்புவோருள் நாமும் அடங்குவோம். மக்களின் கரவொலியால் உயர்ந்தவர் மக்களின் துயரத்தின்போது ஒதுங்கியிருத்தல் தகாது என்பது நமது கொள்கை. அதனைக் கைவிடுவதற்கில்லை. ஆயின், நாம் கேட்பது அவரது குரலையா, அன்றி அவர் வாயிலிருந்து நமது குரலையா என்பதை ஆராய்தல் நமது கடனாகும்.

ஜாஸ் இசையின் பெருங் கலைஞரான லூயி ஆம்ஸ்ரோங்கின் அனுபவம் இங்கு நினைவுகூரத் தக்கது. வெள்ளையரைச் சிரித்து மகிழ்விக்கும் அடிமை மனத்தினர் என்று சக கறுப்பினக் கலைஞர் சிலரே அவரை இகழ்ந்தனர். தெற்கு மாநிலங்களில் நிறவாரியாகப் பிரித்து அமர்த்தப்பட்ட அவைகளின் முன் அவர் வாசித்தமையால் அக் கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஆயின் 1957 செப்ரெம்பரில், லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பாடசாலையுட் புகாதவாறு ஆர்க்கன்சோ ஆளுநர் படையினரைக் கொண்டு தடுத்தபோது, ஆம்ஸ்ரோங் ஜனாதிபதி ஐசன்ஹோவரையே கோழையெனக் கடிந்துரைத்தார். அரசாங்கத்தின் சார்பிலே சோவியத் யூனியனுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் மறுத்தார். விளைவு யாது? அவரைப் பகிஷ்கரிக்குமாறு ஒருசாரார் கூவினர். இத்தனை காலம் எங்கிருந்தீர் என மற்றொருசாரார் ஏளனஞ் செய்தனர்.

இரு சாராரும் காணாத ஒன்றுண்டு. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா மாநிலம் 1956இற் சட்டத்தால் தடுத்தது. அன்று தொட்டு, கலப்பினக் குழுவொன்றின் தலைவராகிய அவர், தாம் பிறந்த நியூ ஓர்லியன்ஸ் நகரில் வாசிக்க மறுத்தார். 1964இன் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே, 1965இல், அங்கு மீண்டும் வாசித்தார். அறிக்கைகளை மட்டும் எண்ணுவோருக்கு இந்த ஒன்பதாண்டு மறுப்பு வெறும் மௌனமாகவே தோன்றியிருக்கும்.

மறுபுறத்தையும் நாம் மூடி மறைத்தல் ஆகாது. 1948இற் சோவியத் கட்சியின் தீர்மானம் ஷொஸ்தகோவிச்சின் இசையைக் கண்டித்தது. அவர் ஆசிரியப் பதவிகளை இழந்தார். மறு ஆண்டே நியூயோர்க் சமாதான மகாநாட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஸ்ட்ராவின்ஸ்கியைச் சாடிய உரை அங்கு அவர் பெயரால் வாசிக்கப்பட்டது. அந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை அவர் மதித்தவர். அக்கண்டனத்தை ஏற்கின்றீரா என்று ஒருவர் அவையில் எழுந்து கேட்க, ஏற்பதாக விடையிறுத்தார். சுதந்திரமாக விடை கூறமுடியாதவர் என்பதை அறிந்தே கேட்கப்பட்ட கேள்வி அது. பேசவைத்தவரும் கேள்வி கேட்டவரும் அவரைத் தத்தம் ஆயுதமாக்கினர். அவர் பேசினார், எனினும் அது அவரது பேச்சன்று.

இதனால் 'கலை கலைக்காகவே' என்ற பழம் பாட்டை நாம் பாடப் புகவில்லை. அநீதி நடைபெறுகையில் மௌனம் வலியவனுக்கே துணை நிற்கும். ஆயின், இசைவாணரின் சமூகப் பொறுப்பை முதலில் அவரது தொழிலிலே தேடுதல் வேண்டும். எவர் மேடையில் வாசிக்கின்றார்? எவரை உள்ளே விடாத மண்டபத்தில் வாசிக்கின்றார்? எவரோடு சேர்ந்து வாசிக்க அஞ்சுகின்றார்? எந்த அரசின் தூதராகச் செல்கின்றார்? இக் கேள்விகளுக்கு அறிக்கையாலன்றி நடத்தையாலேயே விடையளித்தல் கூடும். அந்த உரைகல்லில் ஆம்ஸ்ரோங்கின் பிரித்தமர்த்திய அவைகளும் தெரியும். நியூ ஓர்லியன்ஸ் மறுப்பும் தெரியும்.

நமக்கும் ஒரு கடமையுண்டு. அறிக்கை கோருதல் எளிது. அறிக்கை விடுத்தவர் மேடையிழந்து நிற்கையில் அவரது கச்சேரிக்குச் சீட்டு வாங்குவோர் சிலரே. பேசு எனக் கேட்பவர், பேசியவருக்கு நேரும் இழப்பிலும் பங்குகொள்ள ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அதற்கு ஆயத்தமில்லையெனின், இசைவாணரின் மௌனத்தைப் பழிக்கும் உரிமை நமக்கு இல்லை.