கால் பிடிக்கும் இடம்

கால்வேகம் என்றதும் பெரும்பாலான குத்துச்சண்டை ரசிகர்களின் நினைவு 1966 நவம்பர் மாதத்து ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமுக்குப் போய்விடும். கிளீவ்லண்ட் வில்லியம்ஸுக்கு எதிரே முகமது அலி கால்களை முன்பின் மாற்றிப் போட்ட ஷஃபிள் அழகுதான், மறுப்பதற்கில்லை. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோது அதில் வரும் டான்சிங் ரோஸை நம்மவர்கள் கொண்டாடியதும் அதே ரசனையில்தான். ஆனால் துள்ளலையே வேகமென்று எண்ணிவிட்டால், கால் செய்கிற உண்மையான வேலை கண்ணில் படாது. எத்தனை அடி வைத்தார் என்பது கணக்கல்ல. எதிராளி திரும்புவதற்குள் எங்கே போய் நின்றார் என்பதே கணக்கு. அப்படி அளந்தால், இந்தத் தலைமுறையில் வாசில் லோமசென்கோவுக்கு இணை சொல்வது கடினம்.

கேரி ரஸல் ஜூனியரின் கைவேகம் உலகறிந்தது. 2014 ஜூனில் அவரைச் சந்தித்தபோது லோமசென்கோவுக்கு அது தொழில்முறையில் மூன்றாவது ஆட்டம்தான். ரஸலின் குத்துகள் சரமாரியாக வந்தன. பெரும்பாலானவை காற்றில் போயின. அரை அடி விலகல், உடனே பக்கவாட்டிலிருந்து ஒரு நுழைவு, அவ்வளவுதான். இரண்டு நடுவர்கள் 116-112 என்று எழுத, மூன்றாமவர் சமன் என்று எழுதியது இன்றும் விளங்காத கணக்கு. 2018 மே மாதத்தில் ஹோர்ஹே லினாரஸோடு ஆடியது இன்னும் தெளிவான பாடம். இடக்கைக்காரரான லோமசென்கோ தன் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே ஊன்றி, அந்த முன்பாதத்தின் மேலேயே சுழன்று பின்காலைக் கொண்டுவருவார். இப்போது அவர் நிற்பது லினாரஸின் இடது தோளுக்கு அப்பால். லினாரஸ் வலக்கையை வீச வேண்டுமானால் முதலில் உடம்பைத் திருப்பியாக வேண்டும். லோமசென்கோவின் இடக்கைக்கோ வழி திறந்தே கிடக்கிறது. ஆறாவது சுற்றில் லினாரஸின் நேர் வலக்குத்து அவரைத் தரையில் உட்கார வைத்தது உண்மை. அந்தக் கணத்தில் அவர் நேர் எதிரில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தாவது சுற்றில் விலாவுக்குக் கீழே இறங்கிய லோமசென்கோவின் இடக்குத்து ஆட்டத்தை முடித்தது.

“அப்படியானால் டியோஃபிமோ லோபஸிடம் ஏன் தோற்றார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2020 அக்டோபரில் நடந்த அந்த ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க அவர் தொலைவிலேயே சுற்றினார்; குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எட்டாவது சுற்றில் உள்ளே நுழையத் தொடங்கியதும் ஆட்டத்தின் போக்கே மாறியது, ஆனால் இழந்த சுற்றுகளை மீட்க நேரம் போதவில்லை. காலைத் தப்பிக்க மட்டும் வைத்துக்கொண்டால் புள்ளி ஏறாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தோல்விகூட என் வாதத்தின் பக்கமே நிற்கிறது.

லோமசென்கோவின் தந்தை அனடோலி சிறுவயதில் அவரை உக்ரைனிய மரபு நடனத்துக்கு அனுப்பினார் என்ற செய்தி பரவியதிலிருந்து, நடனம்தான் ரகசியம் என்கிறார்கள் சிலர். நடனம் சமநிலையைத் தரும், தாளத்தைத் தரும். எதிரில் நிற்பவரின் முன்கால் எப்போது கனக்கிறது என்பதை அது சொல்லித் தராது. அதை எதிராளியோடு ஆடித்தான் கற்க வேண்டும். இன்றைய பயிற்சிக்கூடங்களின் குறையும் இங்கேதான். தரையில் விரித்த ஏணிக் கட்டங்களுக்குள் பாதங்கள் படபடப்பதைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டம் நகராது, திருப்பி அடிக்காது. கால் சூடேற அது உதவும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. போக வேண்டிய திசைக்கு அருகிலுள்ள கால் முதலில், மற்றது பின்னால், இரண்டும் பின்னாமல், ஒவ்வொரு அடியின் முடிவிலும் குத்து விடத் தயாராக நிற்பது என்ற பழைய பாடம் அலுப்பானது. ஆயினும் ஜோடி சேர்ந்து, குத்தே இல்லாமல், ஒருவர் முன்காலுக்கு வெளியே மற்றவர் இடம் பிடிக்கும் பயிற்சியைச் சுற்றுச் சுற்றாகச் செய்தவருக்கே ரிங்கில் கால் பேசும். வேகம் அதன் பிறகு தானாக வரும்; வேகத்தை முதலில் தேடியவருக்கு மூச்சிரைப்பே மிஞ்சும்.