முழுமையான கனவான் – டுட்டுவோலாவின் கதையும் ஓவியமும்

நைஜீரிய எழுத்தாளர் ஆமோஸ் டுட்டுவோலாவின் (1920–1997) 'தி பாம்-வைன் டிரிங்கார்ட்' என்னும் ஆங்கில நாவல் 1952-இல் லண்டனில் வெளிவந்தது. தனக்குக் கள் இறக்கித் தந்தவன் இறந்துவிட, அவனைத் தேடி இறந்தோர் ஊருக்குச் செல்லும் குடியனின் கதை இது. யொரூபா மக்களின் வாய்மொழிக் கதைகளே இதன் அடிப்படை. இதில் வரும் 'முழுமையான கனவான்' பகுதி பெரிதும் பேசப்படுவது.

கதைச் சுருக்கம்

சந்தையில் ஒரு பேரழகனைக் கண்டு மயங்கிய பெண், அவன் எச்சரித்தும் கேளாமல் பின்தொடர்கிறாள். காட்டுக்குள் அவன் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உரியவரிடம் கொடுத்து வாடகையும் செலுத்துகிறான். முதலில் பாதங்கள் போகின்றன. இறுதியில் மண்டையோடு மட்டும் மிஞ்சுகிறது.

ஓவியம்

ஓசோக்போ ஓவியர் ட்வின்ஸ் செவன்-செவன் (1944–2011) இப்பகுதியை வரைந்துள்ளார். உடல், மரம், விலங்கு அனைத்தையும் நுண்கோடுகளால் நிரப்புவது அவர் பாணி. எது மனிதன், எது காடு என்று பிரிக்க இயலாத டுட்டுவோலாவின் உலகுக்கு இது மிகப் பொருந்துகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. இக்கதையில் அச்சம் தருவது மண்டையோடு அன்று. கணக்குத் தவறாமல் வாடகை தீர்க்கும் அந்த ஒழுங்கே. அழகு முழுவதும் இரவல் என்பது படிப்படியாகத்தான் தெரியவருகிறது. ஒரே சட்டகத்தில் அமையும் ஓவியம் இப்படிகளைக் காட்ட இயலாது. 'தலையாகக் குறைந்த' கனவான் என்று ஓவியத்தின் தலைப்பே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காஞ்சி காட்டும் வழி

காலவரிசையைக் கல்லில் காட்டும் முறைக்குக் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் சான்று. 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எடுப்பித்தது இது. இதன் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையான சிற்பத் தொகுதிகளாக உள்ளது. நடந்து பார்ப்பவருக்கு ஓர் அரசனுக்குப் பின் அடுத்தவன் வருகிறான். சில தொகுதிகளின் கீழ் விளக்கக் கல்வெட்டும் உண்டு.

மதிப்பீடு

விந்தைக் கதையை வரைய முனையும் மாணவர் பெரும்பாலும் பேயின் உருவத்தையே முதலில் வரைவர். இக்கதைக்கு அது போதாது. அதே முகம் மாறாதிருக்க, உடல் சிறிது சிறிதாகக் குறையும் படங்களை வரிசையாக வரையலாம். ஒவ்வொன்றிலும் வாடகை பெறும் கை ஒன்றும் இருக்க வேண்டும். அந்தக் கையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் பேய்ப்படமே.