நஸ்தஅலீக்: கணினியில் ஏறிய நாணற்பேனா

அரபு வரிவடிவத்தின் கிளைகளுள் நளினம் மிக்கது நஸ்தஅலீக். ஈரானில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற இவ்வெழுத்தைச் செம்மைப்படுத்திய பெருமையை மீர் அலீ தப்ரீஸிக்கு மரபு வழங்குகிறது. திருக்குர்ஆன் பிரதிகள் பெரும்பாலும் நஸ்க் முதலிய எழுத்துகளில் அமைய, பாரசீகக் கவிதைக்கும் பின்னர் உருதுவுக்கும் நஸ்தஅலீக்கே உரிய ஆடையாயிற்று.

இவ்வெழுத்தில் சொற்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை. வலப்புற மேட்டிலிருந்து இடப்புறம் நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. ஓர் எழுத்தின் வடிவை அதன் அண்டை எழுத்துகள் தீர்மானிக்கின்றன. நாணற்பேனா பதிக்கும் சாய்சதுரப் புள்ளியாகிய நுக்தாவே எல்லா எழுத்துகளுக்கும் அளவுகோல். ஈய அச்சுக்கு இது எளிதில் வசப்படவில்லை. ஆகவே உருது நாளேடுகளைக் காத்திபுகள் கையால் எழுத, கல்லச்சு முதலிய முறைகளில் படியெடுத்து அச்சிட்டு வந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் பாகிஸ்தானின் மிர்ஸா அஹ்மத் ஜமீல். ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்துகளை வரைந்து, மோனோடைப் நிறுவனத்தின் துணையுடன் அவர் உருவாக்கிய 'நூரி நஸ்தஅலீக்' எழுத்துருவில் 1981இல் 'ஜங்' நாளேட்டின் லாகூர்ப் பதிப்பு வெளிவந்தது. உருது அச்சுலகுக்கு இது பெரும் பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை.

நமது விமர்சனம் எழுத்துருவின் மீதன்று. அதனை அலங்காரத்துக்கு ஆளும் முறையின் மீதே. நாளேட்டின் பத்தியில் ஒரே சொல் பத்து இடங்களிலும் ஒரே வடிவில் வருவது குறையன்று, வாசிப்புக்குத் துணை. நூலின் முகப்பிலோ மண அழைப்பிதழிலோ சுவர்ப் பலகையிலோ அச்சொல் பெருக்கப்படும்போது நிலைமை வேறு. 'சலீபா' எனப்படும் சாய்வரிப் பலகையில் நான்கு அடிகளை எழுதும் கலைஞர், எந்த எழுத்தை நீட்டினால் அடுத்த அடியோடு இசையும் என எண்ணிப் பார்த்தே நீட்டுவார். இடத்துக்கேற்ற இத்தீர்ப்பை எழுத்துரு தானாகச் செய்வதில்லை. இடம் நிரம்பவில்லை என்று கணினியில் சொல்லை அகலவாக்கில் இழுப்பவர், அதனுடன் நுக்தாவையும் இழுத்து அளவுகோலையே சிதைத்துவிடுகிறார். அதன்மேல் நிழலும் பொன்வண்ண விளிம்பும் சேரும்போது, மெல்லிய கோடு தடித்த கோடாக வளரும் பேனாவின் நடை மறைந்துபோகிறது. எஞ்சுவது பூவேலையே, எழுத்தன்று.

2014இல் கூகுள் வெளியிட்ட 'நோட்டோ நஸ்தஅலீக் உருது' போன்ற எழுத்துருக்கள் வந்த பின், கைபேசித் திரையிலும் இவ்வெழுத்து எவருக்கும் எட்டுவதாயிற்று. எளிதில் கிடைப்பதாலேயே அளவறிந்து ஆளும் பொறுப்பும் கூடுகிறது. சென்னையில் 1927இல் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளேடு, கணினி எழுத்துரு பரவிய பின்னரும் பல்லாண்டுகள் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது. அதைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் செய்தியின் சிறப்பை நோக்கித் தலைப்பின் பருமனையும் வளைவையும் முடிவு செய்யும் மனிதக் கண் அங்கு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பத்திக்கு எழுத்துருவும் முகப்புக்குக் கைத்தேர்ச்சியும் எனப் பணியைப் பகிர்வதே தக்க வழி. கையெழுத்துக் கலைஞர் கிடைக்காத இடத்தில், எழுத்துருவை நீட்டாமல், நிழலிடாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டு அமைத்தாலே போதுமானது. படிக்க இயலாத அழகை எழுத்தணி என்று நாம் ஏற்பதற்கில்லை.