ஹாலுக்கு ஒரு சத்தமில்லாத லினக்ஸ் பெட்டி

ஓடிடி மட்டும் பார்க்கிற வீடு என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரியான சேவைகள் 4கே படத்தை அனுப்புவதற்கு முன்னால், எதிரே இருக்கும் கருவியின் சிப்புக்குள்ளேயே பூட்டு இருக்கிறதா என்று பார்க்கும். ஆண்ட்ராய்டு டிவிகளில் அதற்கு வைட்வைன் எல்1 என்று பெயர். லினக்ஸ் கம்ப்யூட்டரின் பிரவுசருக்குக் கிடைப்பது எல்3, அதாவது மென்பொருளில் மட்டும் போட்ட பூட்டு. எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அங்கே 4கே நெட்ஃப்ளிக்ஸ் வராது. டிவிக்குப் பின்னால் சொருகுகிற ஒரு சின்ன ஸ்டிக் அந்த வேலையைச் செய்துவிடும்.

இது வேறு ஆட்களுக்கான பெட்டி. மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலத்தில் பை நிறைய வாங்கி வந்தவர்களுக்கு. கல்யாண வீடியோவை கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றி, அந்த டிவிடியிலும் கீறல் விழ ஆரம்பித்திருக்கும் வீடுகளுக்கு. ஓடிடியில் இந்த மாதம் இருக்கிற படம், உரிமம் முடிந்தால் அடுத்த மாதம் இருக்காது. காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்த தட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. அதை டிவியில் ஒழுங்காக, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் தேவை. கூடவே, பெட்டி வாயைத் திறக்கக் கூடாது.

சீலிங் ஃபேன் ஓடுகிற வீட்டில் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது என்று பலர் சொல்வார்கள். பகலில் சரி. இரவு ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படம் பார்க்கும்போது, இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கிற காட்சி வந்தால் தெரியும். காற்றின் இரைச்சலுக்குக் காது சீக்கிரம் பழகிக்கொள்கிறது. 40 மில்லிமீட்டர் ஃபேனின் கீச்சுக் குரலுக்கு அது பழகுவதே இல்லை.

சத்தத்துக்கு மூலம் சூடு. சூடு குறைந்தால் ஃபேன் வேண்டாம், ஃபேன் போனால் சத்தமும் போய்விடும். விலை உயர்ந்த அமைதியான ஃபேன் வாங்குவதைவிட, சூடாகாத சிப்பை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இன்டெலின் என்100 அந்த வகை. 2023 தொடக்கத்தில் வந்தது. நான்கு சின்ன கோர்கள், 6 வாட் டிடிபி. வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலைக்குத் தனிப் பகுதி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஹெச்.264, 10 பிட் ஹெச்இவிசி, விபி9, ஏவி1 எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதற்காகவே தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு, அதன் ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தோம்.

போர்டு ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ். மினி ஐடிஎக்ஸ் அளவு, அதாவது 170க்கு 170 மில்லிமீட்டர். சிப் போர்டிலேயே ஒட்டி வருகிறது, அதன் மேல் ஃபேன் இல்லாத அலுமினிய ஹீட்சிங்க். இதில் எனக்குப் பிடித்த விஷயம் பவர் சப்ளை. வழக்கமான எஸ்எம்பிஎஸ் பெட்டியே தேவையில்லை. லேப்டாப் சார்ஜர் போன்ற 19 வோல்ட் அடாப்டரை நேராகப் பின்பக்கம் சொருகலாம். எஸ்எம்பிஎஸ் போனால் அதன் ஃபேனும் கூடவே போகிறது. இதோடு ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய ஒரு மெல்லிய கேபினட். எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. ராம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இதைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுகளிலிருந்து பிரதி எடுத்த படங்களை வைக்கிற பெரிய ஹார்டு டிஸ்க் இந்தப் பெட்டிக்குள் இல்லை. சுழலும் டிஸ்க் ஒன்று உள்ளே இருந்தால் இத்தனை பாடும் வீண். அது அடுத்த அறையில், ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம் வருகிறது. வைஃபையில் டிவிடி தரப் படங்கள் சிக்கல் இல்லாமல் ஓடும். 4கே ப்ளூரே கோப்புக்குக் கேபிள் இழுத்துவிடுவது நிம்மதி.

எல்லாம் மாட்டி ஆன் செய்த பிறகும் ஒரு மெல்லிய ரீங்காரம். உள்ளே அசைகிற பொருளே கிடையாது. பிறகு எது சத்தம் போடுகிறது? காதை வைத்துப் பார்த்தால் அடாப்டர். உள்ளே இருக்கும் காயில் அதிர்கிற ஓசை அது, பெட்டி சும்மா இருக்கும்போதுதான் அதிகம். கடையில் வேறு அடாப்டர் மாற்றித் தரச் சொன்னால், "சார், இதெல்லாம் சத்தமா?" என்றார்கள். வேறு இடத்தில் வேறு பிராண்டு வாங்கியதும் அடங்கியது. ஃபேன் இல்லாத பெட்டி கட்டுகிறவர்கள் அடாப்டரை வாங்கும் முன் கடையிலேயே காதருகில் வைத்துப் பார்ப்பது நல்லது, கடைக்காரர் எப்படிப் பார்த்தாலும்.

அடுத்தது சென்னை வெயில். ஃபேன் இல்லாத கருவிகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும்போது அவர்கள் அறை 22 டிகிரியில் இருக்கிறது. இங்கே மே மாதப் பிற்பகலில் ஹாலே 36 டிகிரியைத் தொடும். சிப்பின் சூடு அங்கிருந்துதான் ஏறத் தொடங்கும். டிவி ஸ்டாண்டின் திறந்த தட்டில் வைத்து 4கே படம் ஓட்டியபோது எழுபதுக்குள் நின்றது. அதே பெட்டியைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்ததும் எண்பதைத் தாண்டிப் போனது. இந்தச் சிப்புக்கு 105 டிகிரி வரை அனுமதி உண்டு, உடனே கருகிவிடாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் வேகவைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அலமாரிதான் இடம் என்றால் ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை மாட்டி, பயாஸில் மிக மெதுவான வேகத்தில் ஓட விடலாம். ஃபேன் கணக்கில் ஒரு நல்ல செய்தி உண்டு: வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காற்றோ பாதிதான் குறையும். அதனால் பெரிய ஃபேன் மெதுவாகச் சுழல்வது, சின்ன ஃபேன் வேகமாகச் சுழல்வதைவிட எப்போதும் மேல். நான் திறந்த தட்டிலேயே வைத்துவிட்டேன். ஃபேன் இல்லாததில் இன்னொரு லாபம், பெட்டி தூசியை உள்ளே இழுப்பதில்லை. பல்லி மட்டும் எப்படியோ நுழைகிறது. அதற்கு வலை ஒட்டியிருக்கிறேன்.

மென்பொருளுக்கு லிப்ரெஎலெக். இதைத் திரைக்குத் தேவையான அளவு மட்டும் சுருக்கிய லினக்ஸ் என்று சொல்லலாம். டெஸ்க்டாப் கிடையாது, பிரவுசர் கிடையாது. ஆன் செய்தால் நேராகக் கோடி வந்து நிற்கும். 2002இல் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக ஆர்வலர்கள் எழுதிய பிளேயர்தான் பிறகு எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014இல் கோடி என்று பெயர் மாறியது. பென் டிரைவில் ஏற்றிப் போர்டில் சொருகினால் டிஸ்க்கில் நிறுவட்டுமா என்று கேட்கும். சரி என்றால் அந்த டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும், அதனால் புது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். கட்டளை ஒன்றுகூடத் தட்ட வேண்டியதில்லை. டிவி தன் லோகோவைக் காட்டி முடிக்கிற நேரத்தில் இது தயாராகிவிடுகிறது.

நிறுவிய கையோடு மாற்ற வேண்டியது ஒரு செட்டிங். சினிமா நொடிக்கு 24 படம். டிவியோ வழக்கமாக நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும். 24, 60க்குள் சமமாக அடங்காது. ஒரு படம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறிக் காட்ட வேண்டிவரும். கேமரா வயல்வெளி மேல் மெதுவாக நகரும்போது வரப்புகள் லேசாகத் தடுக்கித் தடுக்கி நகர்வதை இதற்கு முன் பார்த்திருப்பீர்கள். கோடியின் பிளேயர் செட்டிங்கில், படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்று என்பதை ஆன் செய்தால் டிவி 24க்கு இறங்கிவிடும். மாறும் நொடியில் திரை கறுத்து மீளும், பயப்பட வேண்டாம். நம் டிவியிலேயே இருக்கும் ஆப்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. எனக்கு இந்த ஒன்றுக்கே பெட்டி கட்டியது தகும்.

பழைய டிவிடிகளின் கதை வேறு. அவற்றில் பல, ஒன்று விட்டு ஒன்றாக வரிகளைச் சேர்த்த இன்டர்லேஸ்டு வீடியோ. பழைய குழாய் டிவியில் அது தெரியாது. இன்றைய தட்டை டிவியில், ஆடுகிறவர் கையை வீசினால் கையின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல வரிகள் பிரிந்து நிற்கும். கோடியில் படம் ஓடும்போதே வீடியோ செட்டிங்கில் டீஇன்டர்லேஸ் முறையை மாற்றலாம்; இன்டெல் சிப்புக்கு விஏஏபிஐ எம்சிடிஐ என்ற முறை கிடைக்கும். திரையில் எது எந்தத் திசையில் நகர்கிறது என்று கணித்து, அதற்கேற்ப விட்டுப்போன வரிகளை அது நிரப்புகிறது. ஒரு எண்பதுகளின் டூயட் பாட்டை வைத்துச் சோதித்தேன். சாதாரண முறையில் பட்டுப்புடவைக் கரை மினுங்கிக்கொண்டே இருந்தது. எம்சிடிஐயில் கரை கரையாக நின்றது. நாலு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும் டிவிடிகளை ஸூம் செய்து திரையை நிரப்பினால், அந்தக் கோப்புக்கு அந்த அளவையே அடுத்த தடவையும் நினைவில் வைக்கிறது.

தமிழ்ப் படங்களை அடுக்குவதில் ஒரு தொல்லை உண்டு. போஸ்டரையும் கதைச்சுருக்கத்தையும் கோடி இணையத்திலிருந்து எடுக்கும், அதற்குக் கோப்பின் பெயர்தான் ஆதாரம். பெயரை மட்டும் எழுதி ஆண்டை விட்டுவிட்டால் ரஜினியின் பில்லாவுக்கு அஜித் வந்து நிற்பார். 1986 விக்ரமுக்கும் 2022 விக்ரமுக்கும் கதாநாயகனும் ஒருவரே என்பதால் தவறு உடனே கண்ணில்கூடப் படாது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டு போடுவது கட்டாயம். தமிழ் சப்டைட்டிலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டுத் தேர்ந்தெடுத்தேன். கொம்பும் காலும் இடம் மாறாமல், புள்ளி மெய்யின் தலைமேலேயே நிற்கிறது.

5.1 ஒலியுள்ள படத்தை டிவியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் வசனம் முணுமுணுக்கும், சண்டை காதைப் பிளக்கும். வசனம் நடு சேனலில் இருப்பதுதான் காரணம். ஒலி செட்டிங்கில் அந்த நடு சேனலை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். நல்ல ரிசீவர் வைத்திருப்பவர்கள் பாஸ்த்ரூவை ஆன் செய்து டால்பி ட்ரூஹெச்டியையும் டிடிஎஸ்-ஹெச்டியையும் அப்படியே அனுப்பலாம். பெட்டியை ரிசீவரில் நேராகச் சொருகுங்கள். டிவி வழியாகச் சுற்றிப் போனால் சாதாரண ஏஆர்சியில் ட்ரூஹெச்டி போகாது, இஏஆர்சி வேண்டும்.

ரிமோட்தான் கம்ப்யூட்டருக்குப் பலவீனம். ராஸ்பெரி பை போன்ற போர்டுகளில் டிவி ரிமோட்டே ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெட்டியையும் இயக்கும். அதற்கு சிஇசி என்று பெயர். சாதாரண பிசி போர்டுகளில் அது வருவதில்லை. ஃபிளர்க் என்ற சின்ன யுஎஸ்பி துண்டு இதற்குக் கைகொடுக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிற எந்த ரிமோட்டின் பட்டனையும் அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். பழைய டிவிடி பிளேயரின் ரிமோட்டைக் கொடுத்தேன். அம்மாவுக்கு அது ஏற்கெனவே பழக்கம் என்பதால் வகுப்பு எடுக்கத் தேவை வரவில்லை. ஒரே ஒரு புகார்தான். "ஏம்பா, இது ஓடுதா இல்லையான்னே தெரியலையே?" கேபினட்டில் இருந்த நீல விளக்கை நான்தான் கழற்றிவிட்டிருந்தேன். திரும்ப மாட்டி, மேலே கறுப்பு டேப்பை ஒட்டி ஒரு புள்ளி மட்டும் தெரியும்படி விட்டேன்.

இரவும் பகலும் ஆனிலேயே இருக்கிறது. சும்மா இருக்கும்போது 10 வாட்டைச் சுற்றி எடுக்கிறது, அதாவது மாதத்துக்கு ஏழு யூனிட். கரண்ட் போய் வந்தால் தானாக எழ, பயாஸில் ஒரு வரியை மாற்றினால் போதும். லிப்ரெஎலெக்கின் சிஸ்டம் பகுதியில் யாரும் எழுத முடியாது, அது படிப்பதற்கு மட்டும். திடீரென்று மின்சாரம் போனாலும் அந்தப் பகுதி கெடாது. நம் செட்டிங்குகள் தனிப் பகுதியில் இருக்கின்றன. அதை மட்டும் அவ்வப்போது பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

இல்லாதது என்று பார்த்தால் டால்பி விஷன். இன்டெல் சிப்பில் ஓடும் லினக்ஸ் கோடியில் அது கிடையாது, ஹெச்டிஆர்10 மட்டுமே வரும். டால்பி விஷன் டிவிக்காகவே பணம் கொட்டியவர்களுக்கு இது உறுத்தும். அசெம்பிள் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் ராஸ்பெரி பை 5 வாங்கலாம். அதற்கும் லிப்ரெஎலெக் உண்டு, சிஇசியும் வரும். அதில் 4கே ஹெச்இவிசிக்கு மட்டும்தான் தனிப் பகுதி இருக்கிறது, ஏவி1க்கு இல்லை. பழைய 1080 கோப்புகளைப் பிராசசரே முறுக்கி ஓட்டிவிடுகிறது. அதற்கென்று விற்கிற கூலருக்குள் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. அதை வாங்காமல், போர்டு முழுவதையும் மூடுகிற அலுமினியக் கேஸாகப் பார்த்து வாங்குங்கள்.